மேட்டுப் பாத்தியா, வெறுந்தரையா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை. பிரட்டு முடிந்து எல்லோரும் வேலைக்காட்டுக்குப் போன பிறகு ஒரு சகோதரி டிஸ்பென்சரி வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. இரண்டு பிள்ளைகள். "தல சுத்துது ஐயா. பாதி வரிசை போறதுக்குள்ள மூச்சு வாங்குது" என்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. இரத்தத்தைச் சோதித்தால் 8.4. கர்ப்பமில்லாத பெண்களுக்கு அது 12க்குக் குறையக் கூடாது.

மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். நேற்று ராத்திரி என்ன சாப்பாடு?

"சோறும் நெத்திலிச் சம்பாலும்."

"கீரை, காய்?"

"லோரிக்காரன் வாரத்துல ரெண்டு நாள்தான் வரான் ஐயா. வாங்கி வச்சா மறுநாளே வாடிப் போவுது. வெலையும் கட்டுபடியாவல."

"வீட்டுக்குப் பின்னால எடம் இருக்கேம்மா?"

"நட்டேனே! நவம்பர் மழையில எல்லாம் அழுவிப் போச்சு. அதோட விட்டுட்டேன்."

இந்தப் பதிலை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை. நட்டேன், அழுகிவிட்டது, விட்டுவிட்டேன். இரத்தச் சோகைக்கு மாத்திரை கொடுக்க என்னால் முடியும். ஆனால் மாத்திரை தீர்ந்த பிறகு மறுபடியும் அதே சோறு, அதே சம்பால் என்றால் ஆறு மாதத்தில் அதே பெஞ்சில் அதே ஆள் வந்து உட்காருவார். 2019ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேர் இரத்தச் சோகைக்காரர்கள் என்று தெரிந்தது. போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடாத பெரியவர்கள் நூற்றுக்கு 95 பேர். இது பட்டணத்தையும் சேர்த்த கணக்கு. ஆகவே, தோட்டக் கொல்லையில் கீரை விளைகிறதா இல்லையா என்பது எனக்குப் பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல. அது டிஸ்பென்சரி வேலை.

அந்த வாரமே நம் கிளைக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் போது இதையே ஒரு பேச்சாகப் போட்டேன். வாக்குவாதம் கிளம்பிவிட்டது. ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். அழகான பலகைப் பெட்டிகள், இடுப்பு உயரம், உள்ளே பச்சைப் பசேலென்று செடிகள். "இந்த மாதிரி மேடை கட்டி நட்டா அழுகாது டிரஸ்ஸர் ஐயா. இப்ப உலகமே இப்படித்தான் நடுது" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர், நாற்பது வருஷம் பால் வெட்டியவர், சிரித்துவிட்டு, "எங்கப்பன் பாட்டன் காலத்துல பலகையா வாங்கினோம்? தரையைக் கொத்தினோம், வெதையைப் போட்டோம், தின்னோம்" என்றார். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

டிரஸ்ஸர் ஏன் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பேச எனக்கு அருகதை உண்டு. நானும் நட்டு அழுகவிட்டவன்தான்!

முதலில் நான் வேலை பார்த்தது நெகிரி செம்பிலான் உட்புறத்தில், மேடும் பள்ளமுமான செம்மண் தோட்டம். லயத்துக்குப் பின்னால் சரிவு. எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் தண்ணீர் இறங்கி ஓடிவிடும். அங்கே தரையைக் கொத்தி, சாணத்தைப் போட்டு, வெண்டையும் கத்தரியும் நட்டேன். நன்றாக வந்தது. எனக்கு விவசாயம் தெரியும் என்று நானே நம்பிவிட்டேன்.

பிறகு கோலசிலாங்கூர் பக்கம் கடலோரத் தோட்டத்துக்கு மாற்றலானேன். தட்டையான நிலம், சாம்பல் நிறக் களிமண், ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். அதே மாதிரி தரையைக் கொத்தி நட்டேன். மழைக்காலம் வந்தது. மூன்று நாள் தண்ணீர் நின்றது. கத்தரிச் செடிகள் வெயில் வந்த அன்று மத்தியானமே தலை சாய்ந்தன. தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு செடி வாடுவதை அன்றுதான் பார்த்தேன். வேருக்கும் மூச்சு வேண்டும், தோழர்களே. மண்ணின் சின்னச் சின்னத் துவாரங்களில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டிச் செத்துப் போகும். பிறகு அழுகல் நோய் வந்து மீதியைத் தின்னும்.

சரி, மேடாக்கினால் போச்சு என்று மறு தடவை பெரிய மேதாவி மாதிரி பக்கத்து வாய்க்காலை ஆழமாக வெட்டி, அந்த மண்ணை அள்ளிக் குவித்து மேட்டுப் பாத்தி போட்டேன். விதை முளைத்தது. இரண்டு இலை விட்டது. மஞ்சளானது. செத்தது. ஒரு செடி தப்பவில்லை.

எதிர் வீட்டுப் பாட்டி ஒருவர் இதையெல்லாம் தினமும் வேடிக்கை பார்த்தபடி இருந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வந்துவிட்டார். "ஏம்ப்பா டிரஸ்ஸரு, புளி மண்ண அள்ளி மேல போட்டுட்டு கீரை வரலன்னு பாத்துக்கிட்டு இருக்கியே!" என்று சிரித்தார்.

அவர் சொன்னது முழு உண்மை. நம் மேற்குக் கரையோரக் களிமண்ணுக்கு அடியில் பல இடங்களில் கந்தகம் கலந்த மண் இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற வரை அது சாது. வெட்டி வெளியே போட்டுக் காற்றுப் பட்டால் அதில் கந்தக அமிலம் ஊறும். வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தாலோ, வாய்க்கால் தண்ணீரில் துரு மாதிரி படிந்தாலோ அதுதான் அடையாளம். அந்த மண்ணை மேலே கொண்டுவரக் கூடாது. மேல் மண்ணைச் சுரண்டித்தான் மேடு போட வேண்டும். பாட்டிக்கு கந்தகம் தெரியாது, அமிலம் தெரியாது. ஆனால் எந்த மண் புளிக்கும் என்று நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரியும். (நாக்கில் வைக்க வேண்டாம், நீங்கள். பிறகு சொல்கிறேன் ஏன் என்று.)

ஆக, தம்பி சொன்னதும் சரி, பெரியவர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் மறந்தது, தங்கள் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணை. உங்கள் கொல்லை சரிவாக இருந்து, மழை விட்டதும் வடிந்து, காலில் மண் ஒட்டாமல் நடக்க முடிந்தால் வெறுந்தரையே போதும். சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி போடுங்கள், இல்லையேல் மழை மேல் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். மேட்டுப் பாத்தி அங்கே நஷ்டம்கூட ஆகலாம். வறட்சியில் மேடு சீக்கிரம் காயும், தரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் மழை பெய்து மறுநாளும் தண்ணீர் நிற்கிற தட்டை நிலமென்றால், மேடாக்காமல் கீரை நடுவது விதையைத் தண்ணீரில் போடுவது மாதிரி.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஒரு முழ ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் ஊற்றியது சாயந்திரமும் நின்றால் மேடு போடுங்கள். பிறகு குழியை மூடிவிடுங்கள், பிள்ளைகள் விழுந்து கால் பிசகி என்னிடம் வரவேண்டாம்.

மேடு என்றால் பலகை என்று ஏன் நினைக்கிறோம்? காய்கறித் தோட்டக்காரச் சீனர்கள், ஜாவாக்காரர்கள் எல்லோரும் காலங்காலமாகப் போடுவது வெறும் மண் மேடுதான். நம் லயத்தில் இப்போது இருக்கிற இந்தோனேசியத் தோழர்களைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மண்வெட்டி, மாலைக்குள் இரண்டு பாத்தி. நான்கு அடி அகலம். அதற்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும், பாத்தி மேல் கால் வைக்கவே கூடாது. மிதித்தால் மண் இறுகும், இறுகினால் மேடு போட்ட பலன் போச்சு. நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்தது. பன்னிரண்டு அடி இருந்தால் போதும். உயரம் முக்கால் அடியிலிருந்து ஒரு அடி. பெரும்பாலான கீரைகளின் வேர் அந்த ஆழத்துக்குள் நின்றுவிடும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடி நடைபாதை, அந்தப் பாதையிலிருந்து சுரண்டிய மேல் மண்ணே பாத்தி மேலே போகிறது. தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் வையுங்கள். ஓரங்களை மண்வெட்டியால் தட்டிச் சாய்வாக விட்டால் மழையில் இடியாது. அருகம்புல்லோ எலுமிச்சம் புல்லோ ஓரத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

மக்கிய சாணம் பாத்திக்கு ஒன்றிரண்டு வாளி. பச்சைச் சாணமும் பச்சைக் கோழி எருவும் வேண்டாம். ஈ வரும், வேர் வெந்து போகும், பச்சையாகத் தின்னும் இலையில் கிருமியும் ஏறும். மூன்று நான்கு மாதம் குவித்து வைத்து, நாற்றம் போய், தொட்டால் மண் மாதிரி உதிரட்டும். புளி மண் என்று சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே பாத்திக்கு ஒன்றிரண்டு கிலோ விவசாயச் சுண்ணாம்புத் தூள். ஆலையிலிருந்து வரும் வெற்றுக் குலைகளை மூடாக்காகப் போடச் சிலர் கேட்கிறார்கள். ஒரு அடுக்காகப் பரப்பினால் நல்லதுதான். குவியலாக வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பிறகு செம்பனைக் கன்றுக்குச் சேதம் என்று மேனேஜர் வந்து நிற்பார். அவர் கோபப்படுவதில் அன்றைக்கு நியாயம் இருக்கும்.

முழுப் பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு. ஒரே வாரத்தில் நாற்பது கட்டுக் கீரை, அடுத்த மாதம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு அடியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளைக்கு ஒரு பங்கு விதையுங்கள். பாயாம் என்கிற கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம், கங்கோங் மூன்று நான்கு வாரம். மூன்றாவது பங்கு முளைத்து வரும்போது முதல் பங்கு சட்டியில் இருக்கும். மழை இல்லாத நாட்களில் அந்த ஒரு பாத்திக்குத் தினம் 20 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், காலையில் பாதி, மாலையில் பாதி. துணி அலசின கடைசித் தண்ணீர் ஆகும். சோப்புத் தண்ணீர் ஆகாது.

எல்லாவற்றையும் பாத்தியில் ஏற்ற வேண்டியதில்லை. முருங்கை, மரவள்ளி, வாழை, பூசணி எல்லாம் வேலியோரத் தரையில், கொஞ்சம் மேடான மூலையில் நிற்கட்டும். வங்காளதேசத் தம்பிகள் வேலியில் பசலைக் கொடியும் சுரையும் ஏற்றியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். ஒரு கொப்பு கேட்டால் கொடுப்பார்கள்.

இனி அந்தப் பலகைப் பெட்டி. நான் அதற்கு விரோதி அல்ல. ஆனால் கணக்குப் பாருங்கள். எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் 32 கன அடி மண். ஒரு டன்னுக்கும் மேலே வரும். கொல்லையில் இருக்கிற மண்ணைக் கொட்டினால் பெட்டி வாங்கியதில் பெரிய அர்த்தமில்லை. வாங்கிக் கொட்டினால் மண்ணுக்கும் லோரிக்கும் பலகைக்கும் சேர்த்து எத்தனை வெள்ளி? அந்த வெள்ளிக்கு எத்தனை மாதம் கீரை வாங்கலாம்? நான் முன்பு இருந்த ஒரு தோட்டத்தில் வெளியூரிலிருந்து நல்ல மனது படைத்தவர்கள் வந்து லயத்துக்குப் பத்துப் பெட்டி கட்டிக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மண் அமுங்கிப் பாதியானது. நிரப்ப ஆளில்லை. எட்டாவது மாதம் பெட்டிக்குள் லாலான் புல். அதே வரிசையின் கடைசி வீட்டில், எனக்குப் புளி மண் பாடம் சொன்ன அந்தப் பாட்டி போட்ட மண் மேடு மட்டும் அப்படியே காய்த்துக்கொண்டிருந்தது. அவருடைய மேட்டை யாரும் படம் எடுக்கவில்லை.

இருந்தும் பெட்டி வேண்டிய ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முப்பது வருஷம் குலை தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவர்கள், பால் வாளி சுமந்து முழங்கால் போனவர்கள். தினமும் என்னிடம் தைலம் வாங்க வருகிறவர்கள். இவர்களைக் குனிந்து களை பிடுங்கச் சொல்வது பாவம். இரண்டு அடி உயரத்தில், மூன்று அடி அகலத்தில் ஒரே ஒரு பெட்டி, ஓரத்தில் உட்காருகிற மாதிரி ஒரு பலகை. அடிப்பாதியில் மட்டை, காய்ந்த இலை, தேங்காய் மட்டை போட்டு நிரப்பி, மேல் ஒரு அடிக்கு மட்டும் நல்ல மண். வருஷா வருஷம் அமுங்கும், மேலே சேர்க்க வேண்டும், அதைப் பேரப் பிள்ளைகள் செய்யட்டும். அதேபோல லயத்தை இடித்து அடுக்கு வீட்டுக்கு மாற்றப்பட்டவர்களுக்கும், கொல்லை முழுதும் சிமெண்டு பூசப்பட்டவர்களுக்கும் பெட்டியோ தொட்டியோதான் வழி.

ஆனால் எதனால் கட்டுகிறீர்கள்? இங்கேதான் என் வயிறு கலங்குகிறது.

நான் கண்ணால் கண்டது. பூச்சி மருந்து, களைக்கொல்லி வந்த நீல டப்பாவைப் பாதியாக வெட்டி, கழுவி, அதில் கொத்தமல்லி போட்டிருந்தார்கள். "நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டோம் ஐயா" என்றார்கள். தோழர்களே, அந்த டப்பாவின் பிளாஸ்டிக்கே மருந்தைக் குடித்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அதில் நடக் கூடாது, தண்ணீர் பிடிக்கக் கூடாது, அரிசி போடக் கூடாது. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய டப்பா எந்தெந்த வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாய் உள்ளே போனாலே ஆளைக் கொல்லும் விஷம் அது, மாற்று மருந்து கிடையாது. காலி டப்பாவை ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். ஸ்டோர் கிராணி வாங்க மறுத்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

பழைய டயரில் நடுகிறார்கள். செடிக்கு வந்ததை விட ஏடிஸ் கொசுவுக்கு வந்ததுதான் அதிகம். டயரின் உள் விளிம்பில் நிற்கும் கையளவு தண்ணீர் போதும் அதற்கு, டெங்கிக் காய்ச்சலுக்கு ஆயத்தம். பழைய லயக் கூரையின் அஸ்பெஸ்டாஸ் தகட்டை வெட்டிப் பாத்திக்கு ஓரம் வைக்கிறார்கள். வெட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்து, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றாகக் கிளம்பும். கைவைக்க வேண்டாம். ரயில் தண்டவாளத்துப் பழைய கட்டை, தார் நாற்றம் அடிக்கிற கட்டை, அதுவும் வேண்டாம். கல், செங்கல், மூங்கில், தென்னங்கட்டை, மருந்து போடாத மரம் இவை இருக்கும்போது விஷத்தைத் தேடி ஏன் போக வேண்டும்?

மேடானாலும் தரையானாலும் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் இருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் உறிஞ்சும். நம் பாட்டன் பாட்டி இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் தோட்டங்களில் இரத்தச் சோகைக்கு அது பெரிய காரணம். கக்கூஸ் வசதி வந்த பிறகு குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. கீரை தின்று இரத்தம் ஏற்றப் போய், கீரைப் பாத்தியிலேயே இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வருவதா?

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈர மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி நம் நாட்டில் உண்டு. காலில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் போதும், அதன் வழியாக ஏறும். சர்க்கரை உள்ள உடம்பை அது சுலபமாகப் பிடிக்கும். காய்ச்சல், நுரையீரல் சளி, உள்ளே சீழ்க்கட்டி என்று முற்றி உயிரையே எடுக்கும், பிழைத்தாலும் மாதக் கணக்கில் மருந்து. பாட்டி மாதிரி மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் நாக்கில் வைக்க வேண்டாம் என்றேனே, இதற்காகவும்தான். புண் இருந்தால் கட்டுப் போட்டு, முழங்கால் பூட்ஸ் போட்டு, கையுறை போட்டு இறங்குங்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் இறங்கவே வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, அதன் மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சலும் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் உடனே டிஸ்பென்சரிக்கு வாருங்கள். வந்ததும், தோட்டத்தில் வேலை செய்தேன் என்று சொல்லுங்கள். சொன்னால்தான் எங்களுக்குப் புரியும்.

நடைபாதையில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். கிள்ளானில் 1901ஆம் ஆண்டு டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிய வைத்து மலேரியாவை அடக்கியதைத் தோட்ட மருத்துவ உதவியாளர் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் செய்ததும் மண்வெட்டி வேலைதான்.

பறித்த பிறகு சமையலில் ஒரு விஷயம். கீரை, முருங்கை இலையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஏறுவது கொஞ்சம்தான். கூட ஒரு எலுமிச்சம் பழம் பிழிந்தாலோ, ஒரு துண்டு கொய்யா தின்றாலோ நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் ஏறுவது தடைபடும். நம் வழக்கம் என்ன? சோற்றைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவுமுன் ஒரு மக்கு தே தாரிக்! ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான். இரும்பு மாத்திரைக்கும் இதே விதி.

கடைசியாக, மேனேஜ்மென்டுக்குக் கொஞ்சம் கசப்பான பேச்சு. மேட்டுப் பாத்தியா தரையா என்று நாம் அடித்துக்கொள்ள, முதலில் நிலம் இருக்க வேண்டுமே? வெள்ளைக்காரன் காலத்து மலாயாத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு வீதம் பயிரிடவும் மாடு மேய்க்கவும் தோட்டம் நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1920களில் எழுதினார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. அவன் நம்மேல் கொண்ட பாசத்தால் எழுதவில்லை. நோயாளிக் கூலி பால் வெட்ட மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். இன்று பல இடங்களில் மறுநடவு என்றால் வீட்டுப் படி வரைக்கும் செம்பனைக் கன்று வருகிறது. நான் பார்த்த ஒரு இடத்தில், மருந்தடிக்கும் ஆட்கள் கொல்லைக் கீரைக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள். காலையில் அடித்தது, மத்தியானம் அந்தக் கீரையைப் பறித்துச் சமைத்திருக்கிறார் ஒரு தாய், தெரியாமல். அன்று இரவு அந்த வீட்டு மூன்று பேர் வாந்தியோடு என்னிடம் வந்தார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். ஒவ்வொரு கிளையும் மறுநடவு தொடங்குமுன், லயம் மாற்றுமுன், எழுத்தில் கேட்க வேண்டும். கொல்லை எவ்வளவு, எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே, மருந்தடிக்கும் நாளை ஒரு நாள் முன்னதாக லயத்தில் அறிவிப்பது யார் பொறுப்பு. வாயால் வாங்கின வாக்கு மேனேஜர் மாறியதும் போய்விடும். சம்பளப் பேச்சுக்கு நடுவே கீரைப் பாத்தியைப் பேசுவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும் என்று சில தலைவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 8.4 என்ற எண்ணை நான் அவர்களுக்குச் சொல்கிறேன். வேலைக்காட்டில் மயங்கி விழுந்தால் அன்றைய பேர் போகிறது, அதுவும் சம்பளம்தானே?

அந்தச் சகோதரி மேட்டுப் பாத்தி போட்டார். ஒரு ஞாயிறு, அவர் கணவர் முதலில் முணுமுணுத்து, பிறகு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். போன வாரம் இரத்தம் பார்த்தேன், 10.9. மாத்திரையும் வேலை செய்தது, பொய் சொல்ல மாட்டேன். பாயாம் விதையை ஒரு மைலோ டின்னில் உலர்த்தி வைத்திருக்கிறார். வேண்டுமென்றால் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். முருங்கைக் கொப்பு என்னிடம் இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலை நான்கு மணிக்கு மேல் டிஸ்பென்சரிப் பின்பக்கம் வந்து வெட்டிக்கொள்ளலாம், செருப்புப் போட்டுக்கொண்டு.